முந்நூறு தாள், பதினைந்து கேங்

மேலாண்மை, வணிகவியல், உளவியல் துறைகளில் ஆய்வுக்கு வருகிறவர் கையில் முதலில் ஒரு வரைபடம் தரப்படுகிறது. இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டுமா, டி-டெஸ்ட். மூன்று குழு, நான்கு குழு என்றால் அனோவா. இரண்டு வகைப்பாடுகளுக்கு நடுவே தொடர்பு தேட கை-ஸ்கொயர். காரணங்களை வரிசைப்படுத்த காரட் தரவரிசை. ஒன்று இன்னொன்றைப் பாதிக்கிறதா என்று பார்க்க ரிக்ரஷன். வினாத்தாள்களை வாங்கி வந்து, எண்களை எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் ஏற்றி, வரைபடம் காட்டும் பொத்தானை அழுத்தினால் முறை தேர்வாகிவிடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள துறைமுக, ஆலைத் தொழிலாளர்களின் வேலைத் திருப்தி, மன அழுத்தம், பணிவாழ்க்கைத் தரம் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் இந்த வழியில்தான் உருவாகின்றன. எந்தச் சோதனை என்பது எண்களின் வடிவத்தைப் பொறுத்தது, அதைத் தரவு கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் வேரூன்றிய நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் நியாயங்கள் அற்பமானவை அல்ல. பொது விதி ஒன்று இருந்தால், பிடித்த விடை வரும்வரை சோதனையை மாற்றிக்கொண்டே போகும் ஆய்வாளருக்குக் கடிவாளம் விழும். தேர்வாளரும் எளிதில் சரிபார்க்கலாம். எம்.பி.ஏ. மாணவருக்கு ஆலைக்குள் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் அவரைப் புள்ளியியலாளராக்க முடியாது. தரவு சற்றுக் கோணலாக இருந்தாலும் டி-டெஸ்டும் அனோவாவும் தாங்கும் என்பதும் உண்மை. இவை அத்தனையையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இந்த வரைபடம் வடசென்னைத் தொழிலாளியைப் பற்றி நமக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்கள் எப்படித் தோற்றமளிக்கின்றன என்று அது கேட்கிறது. அவை எந்த வேலையிலிருந்து, யார் யாரோடு சேர்ந்து செய்யும் வேலையிலிருந்து வந்தன என்று அது கேட்பதே இல்லை.

1. வரைபடத்தைத் திறக்கும் நேரமே பிசகு. 1938-ல் கல்கத்தாவில் கூடிய முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ஆர்.ஏ. ஃபிஷர் இதைத்தான் எச்சரித்தார். சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதைப் போன்றது, எதனால் செத்தது என்பதை மட்டுமே அவரால் சொல்ல முடியும் என்பது அவர் கருத்து. சொன்ன இடம் நம் நாடு. தொழிலாளி எந்த கேங், எந்த ஷிப்டு, எந்த கான்ட்ராக்டரிடம் வேலை என்பது வினாத்தாளில் பதிவாகவில்லை என்றால், பிறகு எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. அச்சகத்துக்குத் தாள் போன அன்றே பாதி முறைகள் கைவிட்டுப் போய்விட்டன.

2. முந்நூறு தாள் இருப்பதால் முந்நூறு சாட்சி இருப்பதாக யார் சொன்னது? டி-டெஸ்ட், அனோவா, கை-ஸ்கொயர், சாதாரண ரிக்ரஷன் எல்லாமே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. ஒருவர் பதிலுக்கும் இன்னொருவர் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. வரைபடத்தில் இந்த நிபந்தனை எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது, அல்லது இல்லவே இல்லை. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவது கேங் கேங்காக. ஊக்கத்தொகையும் கேங் முழுவதுக்கும் சேர்த்தே கணக்காகும். ஒரு மேஸ்திரி கடுமையானவர் என்றால் அந்தக் கடுமை அவர் கீழ் உள்ள அத்தனை பேர் தாளிலும் விழும். திருவொற்றியூரின் ஆலைகளிலும் இதே நிலைதான். இரவு ஷிப்டின் சூப்பர்வைசர் ஒருவர். அவர் கீழ் முப்பது பேர். முப்பது பேரும் ஒரே வெப்பத்தில், ஒரே இரைச்சலில், ஒரே கேன்டீன் சாப்பாட்டில் இருக்கிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். 15 கேங், கேங்குக்கு 20 பேர், மொத்தம் 300 தாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கேங்கில் உள்ளவர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு வெறும் 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். இது பெரிய எண் அல்ல. கூறெடுப்பியலில் லெஸ்லி கிஷ் பரவலாக்கிய சூத்திரப்படி, 1 + (20 − 1) × 0.1 = 2.9. முந்நூறை 2.9 ஆல் வகுத்தால் 103. கையில் இருக்கும் தகவல் 103 தனி மனிதர்களுடையது. ஆய்வேட்டின் அட்டவணையோ 300 என்று நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறது. அதன் விளைவு சிறியதல்ல. பாதி கேங்குகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்து, அதனால் எந்தப் பயனும் இல்லாதபோதும், சாதாரண டி-டெஸ்ட் நூற்றுக்கு 5 முறைதான் தவறாக "பயன் உண்டு" என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் அது ஏறக்குறைய 25 முறை சொல்லும். பயிற்சி விற்கிறவருக்கு நல்ல செய்தி. அதற்காக ஓ.டி.யை இழந்து வகுப்பில் உட்கார்ந்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

சில விஷயங்கள் தனி மனிதருக்கு உரியவையே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1980-ல் இஸ்ரேலியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த டோவ் ஜோஹர் 'பாதுகாப்புச் சூழல்' என்ற கருத்தை முன்வைத்தபோது, அது ஆலையின் குணமாகவே பேசப்பட்டது. ஆலையின் குணத்தை அறிய ஆலைகளை ஒப்பிட வேண்டும். ஒரே ஆலையில் 200 பேரிடம் கேட்டுவிட்டு, பாதுகாப்புச் சூழல் பற்றி 200 தரவுகள் இருப்பதாக எழுதினால், உண்மையில் இருப்பது ஒன்றே ஒன்று.

3. "லிக்கர்ட் அளவுகோலுக்கு டி-டெஸ்ட் போடலாமா, மான்-விட்னி போட வேண்டுமா?" என்ற சண்டை கவனத்தைத் திசைதிருப்புகிறது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் தன் அளவுகோலை வெளியிட்டார். 1946-ல் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்தார். அன்று முதல் இந்த வழக்கு நடக்கிறது. 2010-ல் ஜெஃப் நார்மன், பல கேள்விகளைக் கூட்டிய மதிப்பெண்ணுக்கு டி-டெஸ்ட் போடுவதால் பெரும் கேடு எதுவும் வந்துவிடாது என்று விரிவாக வாதாடினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வாய்மொழித் தேர்வுகளில் மாணவரை மணிக்கணக்கில் வாட்டும் இந்தக் கேள்வியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: மான்-விட்னியும் அதே சுதந்திர நிபந்தனையைத்தான் கேட்கிறது. கேங்கை மறந்த ஆய்வுக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விடிவில்லை.

4. 384 என்பது மந்திர எண்ணா? கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையில், மக்கள்தொகை 10 லட்சம் என்றால் மாதிரி 384 போதும் என்று இருக்கிறது. அதை மேற்கோள் காட்டாத ஆய்வேட்டைக் காண்பது அரிது. அந்த அட்டவணை எதற்குப் போடப்பட்டது? முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, ஒரு விகிதத்தை 5 சதவீதப் பிழைக்குள் மதிப்பிட. ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டருகே நின்று, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களில் நின்று பேசியவர்களிடம் தாளை நீட்டினால் அது குலுக்கல் இல்லை. எச்.ஆர். அலுவலகமே ஆள் பொறுக்கி அனுப்பினால் சொல்லவே வேண்டாம். இப்படிச் சேர்த்த 384 தாளும் பிழையைக் குறைக்காது. ஒரே பக்கம் சாய்ந்த பிழையை உறுதிப்படுத்தும். கேள்விகளின் நம்பகத்துக்குக் காட்டப்படும் கிரான்பாக் ஆல்ஃபாவும் இப்படித்தான். கேள்விகளுக்கு நடுவே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 ஆக இருந்தாலும், 10 கேள்வி வைத்தால் ஆல்ஃபா 0.71; 20 வைத்தால் 0.83. கேள்விகளைக் கூட்டினாலே 'நம்பகம்' கூடிவிடுகிறது.

5. சராசரி யாருடையது? ஐந்து புள்ளி அளவுகோலில் 100 நிரந்தரத் தொழிலாளர் 4 என்றும், 100 கான்ட்ராக்ட் தொழிலாளர் 2 என்றும் குறித்தால் சராசரி 3. அடுத்த ஆண்டு கான்ட்ராக்டில் 50 பேரை நிறுத்திவிடுகிறார்கள். மீதியுள்ள யாருடைய மனமும் இம்மி அளவும் மாறவில்லை. சராசரி 3.33 ஆகிவிடும். "தொழிலாளர் திருப்தி உயர்ந்திருக்கிறது" என்று அறிக்கை எழுதப்படும். அதற்குக் காரணம், ஐம்பது குடும்பங்களுக்கு வேலை போனது.

காரட் தரவரிசை இன்னும் மோசம். தமிழ்நாட்டின் வணிகவியல், மேலாண்மை ஆய்வுகளில் இவ்வளவு செல்வாக்கோடு இருக்கும் இம்முறை எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஐந்து காரணங்களை வரிசைப்படுத்தச் சொல்கிறோம். காரட் அட்டவணைப்படி முதலிடத்துக்கு 75, இரண்டாம் இடத்துக்கு 60, அடுத்து 50, 40, 24. கான்ட்ராக்ட் தொழிலாளர் பாதிப் பேர்: வேலை நிரந்தரம் முதல், சூப்பர்வைசரின் நடத்தை இரண்டாவது, ஊக்கத்தொகை நான்காவது. நிரந்தரத் தொழிலாளர் மீதிப் பாதி: ஊக்கத்தொகை முதல், சூப்பர்வைசர் இரண்டாவது, வேலை நிரந்தரம் நான்காவது. இப்போது கூட்டிப் பாருங்கள். வேலை நிரந்தரத்துக்கு 57.5, ஊக்கத்தொகைக்கும் 57.5, சூப்பர்வைசருக்கு 60. ஒரே ஒரு தொழிலாளிகூட முதலிடம் தராத காரணம் 'முதல் ரேங்க்' வாங்கிவிட்டது. பரிந்துரை என்ன வரும்? சூப்பர்வைசர்களுக்கு நடத்தைப் பயிற்சி. நிரந்தரம் கேட்டவனின் குரல் கணக்குக்குள்ளேயே அடங்கிப்போனது.

தொழிலாளரை ஒற்றைக் கூட்டமாகப் பார்ப்பது வடசென்னையின் வரலாற்றுக்கே விரோதமானது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூரில் பிறந்தது. மூன்றே ஆண்டில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பு கலவர பூமியானது. ஒரே ஆலை, ஒரே தறிக்கூடம், ஆனால் பசியும் பயமும் ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு. அந்த ஆண்டில் ஒரு மனநிலைச் சராசரி எடுத்திருந்தால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

6. தாளை நிரப்பாதவர் எங்கே போனார்? வேலையின் கொடுமை தாங்காமல் நின்றுவிட்டவர் வினாத்தாளைப் பார்ப்பதே இல்லை. வேலையில் நீடிப்பவர்கள் ஊராரைவிட ஆரோக்கியமாகத் தெரிவதை இங்கிலாந்தின் வில்லியம் ஓகிள் 1885-லேயே கவனித்தார். 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு' என்று 1970-களில் பெயரும் வந்துவிட்டது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு மன அழுத்தம் குறைவு என்று அனோவா காட்டினால், அனுபவம் அழுத்தத்தைக் குறைத்ததா, அழுத்தம் தாங்காதவர்கள் அந்த இருபது ஆண்டில் உதிர்ந்துபோனார்களா? வரைபடத்தில் இந்தக் கேள்விக்குப் பெட்டி கிடையாது.

எம்.பி.ஏ. வகுப்பில் ஹாதார்ன் சோதனையைப் படிக்காதவர் இல்லை. அதன் உட்புறம் சொல்லித்தரப்படுவதில்லை. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் 1927-ல் ரிலே பூட்டும் அறையில் ஐந்து பெண்களை வைத்துத் தொடங்கினார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அவர்களில் இருவரை 1928 ஜனவரியில் மாற்றி வேறு இருவரை உட்காரவைத்தார்கள். ஊக்கத்தொகையும் பெரிய பிரிவின் கணக்கிலிருந்து இந்தச் சின்னக் குழுவின் கணக்குக்கு மாறியது. உற்பத்தி ஏறியது. "கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம்" என்ற பாடம் உலகெங்கும் பரவியது. 1978-ல் ஃபிராங்கே, கவுல் இருவரும் அதே எண்களை மறுபடி கணக்கிட்டபோது, அந்த இருவரை மாற்றிய கட்டுப்பாட்டு நடவடிக்கையும் பொருளாதார மந்தமும் ஓய்வு நேரமுமே ஏற்றத்தில் பெரும்பங்கை விளக்கின. விடை காலமெல்லாம் அந்த எண்களுக்குள்ளேயே இருந்தது. ஆள் மாறியதும் மந்தமும் ஓய்வும் கணக்கில் ஏற்றப்படும்வரை யாருக்கும் தெரியவில்லை.

நம் பகுதிக்கு வருவோம். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிவந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் காத்துக்கிடக்கும் டிரெய்லர் ஓட்டுநர் எந்தக் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இருக்கிறார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்யும் இளைஞர், எச்.ஆர். தரும் பட்டியலில் வருகிறாரா? வராதவரை எந்த மாடலாலும் பிரதிநிதித்துவப்படுத்த முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்த காலத்திலிருந்தே கான்ட்ராக்டர்கள் ஆள் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன், தர மறுத்தார்கள் என்றாவது ஆய்வேட்டில் ஒரு வரி எழுதப்பட வேண்டும்.

7. 'முன்–பின்' ஒப்பீடு போதும் என்கிறவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவூட்டுகிறேன். எண்ணூரில் ஓர் ஆலை அந்த நவம்பரில் தன் தொழிலாளர்களின் மன அழுத்தத்தை அளந்து, தியானப் பயிற்சி கொடுத்து, ஜனவரியில் மறுபடி அளந்ததாக வைத்துக்கொள்வோம். வரைபடம் சொல்வது இணை டி-டெஸ்ட். நடுவே நடந்தது என்ன? மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவி, வலையும் படகும் கறுத்துப்போயின. டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்த ஊழியர்களில் பலர் அதே தெருக்களில் குடியிருப்பவர்கள். ஜனவரியில் அழுத்தம் கூடியிருந்தால் பயிற்சி தோற்றதா? கூடாமல் இருந்திருந்தால் அது மகத்தான வெற்றியா? பயிற்சி பெறாத இன்னொரு குழுவை அதே தேதிகளில் அளக்காமல் இதற்கு விடையே கிடையாது. ஒரே நாளில் ஒரே ஆளிடம் 'தலைமைப் பண்பு' பற்றி 10 கேள்வியும் 'திருப்தி' பற்றி 10 கேள்வியும் கேட்டுவிட்டு, ரிக்ரஷன் போட்டு 'தாக்கம்' என்று தலைப்பிடும் பழக்கத்துக்கும் இதே மறுப்புதான்.

8. "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்ற வாக்கியம் ஆலைகளில் ஆயுதமாகிறது. 40 நிரந்தரத் தொழிலாளர், 12 கான்ட்ராக்ட் தொழிலாளர், திருப்தியில் 0.4 புள்ளி வேறுபாடு. திட்ட விலக்கம் 1. டி-டெஸ்டில் பி மதிப்பு 0.05-ஐத் தாண்டும். ஆய்வேடு "இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை" என்று எழுதும். அதே எண்களின் 95 சதவீத எல்லையைப் போட்டுப் பாருங்கள்: நிரந்தரத் தொழிலாளர் 0.26 புள்ளி பின்தங்கியிருப்பதிலிருந்து 1.06 புள்ளி முன்னே இருப்பது வரை எதுவும் சாத்தியம். ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு முழுப் புள்ளி என்பது பெரும் பள்ளம். பள்ளம் இருக்கலாம், 12 பேரை மட்டும் கேட்டதால் நமக்குத் தெரியவில்லை என்பதே நேர்மையான வாக்கியம். "வேறுபாடு இல்லை" என்ற வாக்கியமோ பேச்சுவார்த்தை மேசைக்குப் போகிறது, கான்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தனியாக எந்தக் குறையும் இல்லை என்பதற்கு ஆதாரமாக.

"இதெல்லாம் சரி, மாணவருக்கு நேரமில்லை" என்பார்கள். நான் கேட்பது கூடுதல் உழைப்பு அல்ல, வரிசை மாற்றம். வினாத்தாள் எழுதுமுன் ஆலையில் ஒரு வாரம் செலவிட்டு யார் யாரோடு வேலை செய்கிறார்கள், கூலி யாருக்குச் சேர்த்துக் கணக்காகிறது, யார் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். தாளில் பெயருக்கு இடம் வேண்டாம். கேங் எண், ஷிப்டு, கான்ட்ராக்டர் என மூன்று கட்டம் போதும். ஆளையே காட்டிக்கொடுக்கும் அளவுக்குச் சிறிய குழு என்றால் குறியீடு போடலாம், தாளை ஆய்வாளரே கையில் வாங்கலாம். நாற்பது கேள்வியைப் பன்னிரண்டாகக் குறைத்தால் இதற்கான நேரம் வந்துவிடும். கேங்குகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் கேங்கையும் ஆளையும் தனித்தனி அடுக்காகப் பார்க்கும் பல அடுக்கு மாடல் போடலாம்; ஆர் மென்பொருளில் அது காசில்லாமல் கிடைக்கிறது. ஐந்தாறு கேங்தான் என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம். ஒவ்வொரு கேங்கின் பதில்களையும் புள்ளிகளாக வரைந்து, ஆட்கள் நின்றுபோன கணக்கையும் விபத்துப் பதிவையும் பக்கத்தில் வைத்து எழுதினாலே நல்ல ஆய்வு.

அப்படிச் சோதனையே போடாத ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் மாணவரிடம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. ஆகவே இதை மாற்ற வேண்டியவர்கள் வாய்மொழித் தேர்வு மேசையின் மறுபக்கம் அமர்பவர்கள். "ஏன் அனோவா போடவில்லை?" என்று கேட்பதற்கு முன், "இந்த 300 பேரும் எத்தனை சூப்பர்வைசரின் கீழ் வேலை செய்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பட்டும்.